என் முகம் நீலமாக இருக்கிறது

லேபிள்காரரின் மனைவிக்கு ஓய்வு வேண்டியிருந்தது. மருத்துவர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று காத்திருந்து பார்த்தார். உடம்பில் ரத்தம் பேருக்குத்தான் ஓடுகிறது, இரண்டு மாதமாவது வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். படுத்துக் கிடக்க அவளுக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் படுத்துக் கிடப்பதற்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பவர்களுக்கு இது காதில் பூச்சுற்றுகிற கதையாகத் தோன்றலாம். லேபிள்காரருக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை என்பதால் அவருக்கு அப்படித் தோன்றவில்லை. லென்ஸ் பெட்டிகளின் மேல் "உடையும் பொருள், மெதுவாகக் கையாளவும்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்த லேபிளை ஒட்டுவது அவர் உத்தியோகம். ஒட்டி ஒட்டி அவருடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. மனைவியே கோபம் வந்தால் "ஆமா, இவரு பெரிய லேபிளு" என்பாள்.

அவளுக்குச் சலவைப் பிரிவு. சலவை என்றால் துணிச் சலவை இல்லை. மெருகேற்றிய லென்ஸ்களைத் தட்டில் அடுக்கி, மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து, அடுத்த தொட்டியில் அலசி, சூடான காற்றில் காய வைக்க வேண்டும். தொட்டி நாள் முழுக்க ரீங்காரமிடும். மேலே இனிப்பான ஆவி ஒன்று எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த இனிப்பு, வீட்டுக்கு வந்து தலை முழுகினாலும் போகாது. சேர்ந்த புதிதில் லேபிள்காரருக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. இப்போது அவள் வீட்டுக்குள் வந்ததுமே ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஜப்பானிய மொழி எப்படி உள்ளே நுழைந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. தொழிற்சாலையின் தலைமையகம் ஜப்பானில் இருந்தது. அங்கிருந்து ஒரு முறை பெரியவர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார். அவர் கண் எதிரிலேயே ஒரு பெண் வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். இவர் என்ன சொன்னார் என்று பெரியவர் மரியாதையாகக் கேட்டார். அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதில் வரும் வரையில் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். விழுந்தவளும் தரையிலேயே காத்திருந்தாள்.

பெரியவர் ஊர் திரும்பிய பிறகு நிர்வாகம் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனது. வந்த விருந்தாளிக்குப் பதில் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்று. விழுந்தவளைப் பற்றி வெட்கப்படுவதற்கு ஒன்றும் இருந்ததாக யாரும் நினைக்கவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் தளர்ச்சி வெளிப்பாட்டுத் துறை. இனிமேல் உடம்பு முடியாதவர்கள் தங்கள் வெளிறலையும் தளர்ச்சியையும் தலைமையகத்தின் மொழியில், தங்கள் வாயால், குழுவின் முன்னால் சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னால் விடுப்பு. சொல்லாமல் படுத்தால் ஓடிப்போனவர் என்று பொருள். ஓடிப்போனவர்களுக்குத் திரும்ப வேலை கிடையாது.

பாடப்புத்தகம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. சலவைப் பிரிவில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் யார் என்று ஒருத்தர் கேட்டதற்குத் துறையிலிருந்து தெளிவான விளக்கம் வந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது எல்லோரும் ஆங்கிலத்தில் இருந்த உத்தரவில்தான் கையெழுத்துப் போட்டார்கள், ஆகவே எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறவர்கள். லென்ஸ் நன்றாக இருந்தால் "ஓகே", கீறல் இருந்தால் "என்ஜி", இந்த இரண்டைத் தவிர வேறு ஆங்கிலம் தெரியாத லேபிள்காரரின் மனைவி இப்படித்தான் ஆங்கிலம் பேசுகிறவள் ஆனாள். ஆங்கிலம் தெரிந்த துணை ஒருவர் கூட உட்காரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. லேபிளில் இருந்த ஆங்கிலத்தை நம்பி லேபிள்காரர் அவளோடு உட்கார்ந்தார்.

வகுப்பு, ஷிப்ட் முடிந்த பிறகு கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். குழல்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருமே சவக்களையோடு தெரிவார்கள். அது பாடத்துக்கு உதவியாக இருக்கிறது என்பார் பயிற்சியாளர் அம்மா. அவர் ஆளே கனத்த உடம்புக்காரர், செக்கச்செவேல் என்றிருப்பார். தன் ஆயுளில் ஒரு நாள்கூடத் தலைவலி என்று படுத்ததில்லை என்று முதல் வகுப்பிலேயே பெருமையாகச் சொன்னார். அதனால்தான் தளர்ச்சியை விருப்பு வெறுப்பில்லாமல் சொல்லிக்கொடுக்க முடிகிறதாம்.

ஜப்பானிய மொழியில் முகம் வெளிறிப்போனால் நீலமாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்று அவர் ஆரம்பித்தார். நாங்க வெளுத்துப் போச்சுன்னுதானே சொல்வோம் என்று யாரோ இழுத்தார்கள். வெளுப்பது துணி, முகம் நீலமாகும் என்று அவர் அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார். "காஓ கா ஆஓய்" என்று வகுப்பு முழுக்க முனகியது. அடுத்தது தளர்ச்சி. நடக்கும்போது தள்ளாடினால் ஃபுராஃபுரா. வேலை செய்து செய்து ஓய்ந்துபோனால் ஹெதோஹெதோ. கை கால் துவண்டு துணி மாதிரி தொங்கினால் குத்தாரி. அது உயர்ந்த நிலை, எல்லோருக்கும் வாய்க்காது.

லேபிள்காரரின் மனைவிக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. நமக்கும் கிறுகிறுன்னு வரும், வெலவெலன்னு ஆகும், வெடவெடன்னு நடுங்கும், அதே மாதிரிதானே என்று மெதுவாகச் சொன்னாள்.

"அதெல்லாம் சத்தம்மா," என்றார் பயிற்சியாளர் அம்மா பொறுமையாக. "இதுதான் மொழி."

பிறகு அவர் மாதிரிக் குரலைப் போட்டார். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. என் முகம் நீலமாக இருக்கிறது, உடம்பில் பலம் ஏறவில்லை என்று இரண்டே வாக்கியம். சொல்லி முடிக்கும்போது காற்று தீர்ந்துபோய், கடைசி எழுத்து தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஏதோ சரிகிற ஓசை கேட்கும். அதோடு பதிவு நின்றுவிடும்.

அந்தக் குரலைத் தெரியாதவர்கள் சலவைப் பிரிவில் கிடையாது. நாலாம் தொட்டிக்காரியின் குரல். துறை தொடங்கிய காலத்தில் முதல் முதலாகத் தேர்வுக்குப் போனவள் அவள். இரண்டு வாக்கியத்தையும் பிசகில்லாமல் சொல்லிவிட்டுக் குழுவின் முன்னாலேயே சரிந்தாள். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். மதிப்பெண்ணை அறிவிக்கும்போது அவள் கேட்கிற நிலையில் இல்லை. பிறகும் எழுந்திருக்கவில்லை. விடுப்பு மட்டும் முறையாகக் கொடுக்கப்பட்டு, இன்னும் ரத்தாகாமல் இருந்தது. வகுப்பில் தினமும் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, "விடுப்பு" என்று பயிற்சியாளர் அம்மாவே சொல்லிக்கொள்வார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் வகுப்பில் யாரும் காலைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

லேபிள்காரருக்குப் பாடம் சுலபமாக வந்தது. இரண்டு வாரத்தில் நீலமும் தளர்ச்சியும் அவர் நாக்கில் தண்ணீர் பட்ட பாடு. மனைவிக்குத்தான் ஏறவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தாலே அவளுக்குக் கண்ணைக் கட்டியது. வீட்டில் அடுப்படியில் நின்றபடி அவர் சொல்லச் சொல்ல, அவள் மேடையைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வாள். பாதியில் மூச்சு வாங்கும். ஒரு நாள் அவருக்குப் பொறுமை போய், இந்த ரெண்டு வாக்கியம் சொல்லக்கூடவா தெம்பில்ல என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தக்கா குரல் வகுப்புல மட்டும் கேக்கலீங்க. தொட்டிகிட்ட நின்னாலும் கேக்குது. எனக்குப் பக்கத்துலயே நின்னு சொல்ற மாதிரி."

தொட்டி போடுகிற ரீங்காரம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சமாதானம் சொன்னார். அவளுக்கு ஐந்தாம் தொட்டி. நாலாம் தொட்டிக்கு அடுத்தது.

தேர்வு நாள் வந்தது. அவள் படியேறவே சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினாள். அறையில் நீள மேசை. நடுவில் துறைத் தலைவர், ஒரு பக்கம் பயிற்சியாளர் அம்மா, மறுபக்கம் வண்ண அலுவலர். வண்ண அலுவலர் கையில் நீலத்தின் பல சாயல்கள் அச்சிட்ட அட்டை ஒன்று இருந்தது. சுவரில் பெரிய திரை. திரையில் தலைமையகத்துப் பெரியவர் தெரிந்தார். கண்ணை மூடப் போகிற நேரத்தில், பாதி மூடிய இமையோடு இருந்தார். குழு எழுந்து அவரை வணங்கிவிட்டு உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. லேபிள்காரர் தேர்வு முடியும் வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார், அந்த இமை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. இணைப்பு எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. அறுந்துவிட்டது என்று சொல்கிற தைரியமும் அங்கே யாருக்கும் இல்லை. எப்போதும் இப்படித்தான் கவனமாகக் கேட்பார் என்று துறைத் தலைவர் பயபக்தியோடு சொன்னார்.

பிறகு அவர் வழக்கமான முன்னுரையை ஆற்றினார். "முன்னெல்லாம் இங்க யார் வேணாலும் தளர்ந்துபோகலாம்ங்கிற நிலை இருந்தது. ஒரு ஒழுங்கு கிடையாது, தரம் கிடையாது. தளர்ச்சிங்கிறது உரிமை இல்லம்மா, அது ஒரு திறமை. இந்தத் துறை வந்த பிறகு தளர்ந்தவங்களோட எண்ணிக்கை எவ்வளவு குறைஞ்சிருக்கு தெரியுமா? இப்போ விடுப்புல இருக்கிறது ஒரே ஒருத்தர்தான். அவங்களும் திரும்பி வந்து தொந்தரவு குடுக்கல."

மருத்துவர் சொன்னதை லேபிள்காரர் எடுத்துச் சொல்லப் பார்த்தார். கீழிமையும் நகமும் இந்தத் துறையின் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. முகம்தான் வரும். வண்ண அலுவலர் எழுந்து வந்து அட்டையை அவள் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தார். மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், அவளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு சாயலும் ஒட்டவில்லை. சாம்பல் படிந்த மாதிரி இருந்தது முகம். ஆனால் அட்டையில் சாம்பல் கிடையாது.

"தோல் ஒத்துழைக்கல சார்," என்றார் வருத்தத்தோடு.

பரவாயில்லை, வாய்மொழியில் ஈடுகட்டலாம் என்று துறைத் தலைவர் அவளைப் பேசச் சொன்னார். அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உதடு பிரிந்தது. குரல் வரவில்லை. லேபிள்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லு, சொல்லிடு என்று மனதுக்குள் அடித்துக்கொண்டார்.

அப்போது குரல் வந்தது. என் முகம் நீலமாக இருக்கிறது, உடம்பில் பலம் ஏறவில்லை. பிசகில்லாத உச்சரிப்பு. கடைசி எழுத்தில் காற்று தீர்ந்து, குரல் தரையில் உட்கார்ந்தது. பிறகு ஏதோ சரிகிற ஓசை. ஆனால் அறையில் யாரும் சரியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள், அவள் உதடு அசையவே இல்லை. ஒலிபெருக்கியின் ஒயர் பிடுங்கி மேசைமேல் சுருட்டி வைத்திருந்தது.

லேபிள்காரரின் கழுத்து மயிர் குத்திட்டு நின்றது. கடைசியில் பயிற்சியாளர் அம்மாதான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது இவங்க குரல் இல்ல சார். நாலாம் தொட்டி."

துறைத் தலைவரின் முகத்தில் கலக்கம் தெளிந்தது. விதிக்குள் வந்துவிட்ட எதுவும் அவரைப் பயமுறுத்தாது. "அப்போ இது காப்பி," என்றார். "இன்னொரு பணியாளரோட குரல்ல தேர்வு எழுதறது மோசடி. அதோட அந்தப் பணியாளர் விடுப்புல இருக்கிறவங்க. விடுப்புல இருக்கும்போது அலுவல் வளாகத்துக்குள்ள வந்து பேசினது அவங்க பேர்லயும் குற்றம். ரெண்டு பேருக்கும் விளக்கம் கேட்டு அனுப்புங்க."

விடுப்பு மறுக்கப்பட்டது. நாளைக் காலையில் அவள் தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.

லேபிள்காரர் அதுவரைக்கும் வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசியவர் இல்லை. லேபிளைக்கூடக் கோணலாக ஒட்டியதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றார். இவள் செத்தால்தான் நம்புவீர்களா என்று கேட்க நினைத்தார். ஆத்திரத்தில் அந்தக் கேள்வி வாய்க்கு வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. நாக்கு பழக்கத்தில் அதற்குத் தெரிந்த பாதையிலேயே ஓடியது. மாதக்கணக்கில் அடுப்படியில் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு வாக்கியமும் ஏற்ற இறக்கத்தோடு, நடுக்கத்தோடு, வாயிலிருந்து விழுந்தன.

பயிற்சியாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்ண அலுவலர் ஓடிவந்து அட்டையைப் பிடித்துப் பார்த்து, ஓரளவு ஒட்டுகிறது என்றார். துறைத் தலைவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து கைகுலுக்கினார். தளர்ச்சி என்றால் இதுதான் தளர்ச்சி என்று சொல்லி, லேபிள்காரருக்கு இரண்டு வாரம் கட்டாய விடுப்பு கொடுத்தார். திரையை நோக்கி எல்லோரும் வணங்கினார்கள். பெரியவர் பாதி இமையோடு ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் மனைவி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் அவளைத் தொட்டிக்கு அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. சலவைப் பிரிவில் உடம்பு முழுக்க மேலங்கி, தலைக்கு முக்காடு, வாய்க்குக் கவசம், கண்ணுக்குத் தடித்த கண்ணாடி, கைக்கு உறை. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பெற்ற தாய்க்கே தெரியாது. இருவரும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்று. மனைவியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவரே போனார். வாசலில் யாரும் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் ஐந்தாம் தொட்டிப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் நின்றார். லேபிள்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "பாத்தீங்களா, தேர்வுல தோத்ததும் தெம்பு வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

ஒரு வேளைக்குள் தலை கிறுகிறுத்தது. இந்த இனிப்பு ஆவியில் அவள் வருஷக்கணக்கில் நின்றிருக்கிறாள். தேநீர் இடைவேளையில் சுவரோரம் சாய்ந்து கவசத்தை இறக்கினார். ஆறாம் தொட்டி ஆளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கவசத்தை இறக்கியது. உள்ளே பல் போன ஒரு கிழவி.

மருமகளுக்கு முடியவில்லை, அதனால் தான் வருவதாக அந்த மாமியார்க்காரி சொன்னாள். மருமகளோடு ஏழாம் பொருத்தம்தான், ஆனாலும் சோறு ஆக்கிப் போட ஆள் வேண்டுமே. பிரிவில் பாதிப் பேர் இப்படித்தான், யாரோ ஒருவருக்காக யாரோ ஒருவர். லேபிள்காரர் நாலாம் தொட்டியைப் பார்த்தார். தேநீருக்குக்கூட நகராமல் அங்கே ஓர் உருவம் முக்காட்டோடு நின்றுகொண்டிருந்தது.

"அது யாருக்காகங்க வந்திருக்கு?"

"அதுக்குள்ள ஆளில்ல தம்பி," என்றாள் கிழவி தேநீரை ஊதிக்கொண்டே. "அந்தப் பொண்ணோட சட்டை. அவ போனதிலேர்ந்து கொக்கியில அப்படியே நிக்குது. யாரும் எடுக்கல. மேற்பார்வையாளர் தெனம் எண்ணிட்டுப் போறாரு. கணக்கு சரியா இருக்கு."

லென்ஸ் எப்படிக் கழுவப்படுகிறது என்று கேட்க வாயெடுத்தார். நாலாம் தொட்டித் தட்டில் லென்ஸ்கள் பளிச்சென்று அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருந்துவிட்டார்.

இரண்டு வாரமும் அவர் போனார். வீட்டில் அவள் தூங்கினாள். விழித்துச் சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். உதட்டில் லேசாக நிறம் வந்தது. ஆனால் மருத்துவர் கேட்டது இரண்டு மாதம். விடுப்பு முடிந்து அவர் லேபிள் மேசைக்குத் திரும்ப வேண்டிய நாளில், நான் போறேங்க, இப்போ பரவாயில்ல என்று அவள் எழுந்து நின்றாள். நின்ற வேகத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். அவர் அவளைத் திரும்பப் படுக்கவைத்தார். மேலங்கியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிப் போய், ஐந்தாம் தொட்டியின் கொக்கியில் மாட்டினார். முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணாடியையும் கவசத்தையும் கட்டி, கை உறைகளைச் சட்டைக் கைக்குள் செருகினார். இன்று ஒரு நாள் தப்பினால் போதும், நாளைக்கு வேறு வழி யோசிக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கென்று பார்த்துத் துறை சலவைப் பிரிவைப் பார்வையிட வந்தது. வந்தது மட்டுமில்லை, லேபிள்காரரையும் மேசையிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது. முறையாகத் தளர்ந்து, முறையாக ஓய்வெடுத்து, முறையாகத் திரும்பிய ஒருவர் பேசினால் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்பது துறைத் தலைவரின் எண்ணம். இரண்டு வாரம் தொட்டி ஆவியில் நின்றவர் தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் நடந்தார். ஓய்வு இவருக்கு ரொம்ப நன்றாகப் பிடித்திருக்கிறது என்று துறைத் தலைவர் எல்லோரிடமும் காட்டினார்.

ஐந்தாம் தொட்டிக்கு முன்னால் குழு நின்றது. லேபிள்காரருக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

வண்ண அலுவலர்தான் முதலில் கவனித்தார். அட்டையை முக்காட்டின் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் கை நின்றுவிட்டது. சலவைப் பிரிவின் மேலங்கி வெளிர் நீலத் துணி. பலமுறை துவைத்து இன்னும் வெளிறியிருந்தது. தன் பணிக்காலத்தில் அட்டையோடு இப்படி அச்சாக ஒட்டிய ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை என்று அவர் தழுதழுத்தார். பயிற்சியாளர் அம்மா ஒரு கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அது துவண்டு தொங்கியது.

"குத்தாரி," என்றார் கிசுகிசுப்பாக. "சார், இதைத்தான் நான் இத்தனை நாளா சொல்லிக்குடுத்தேன். ஒருத்தருக்கும் வரல."

வாய்மொழி பாக்கி இருந்தது. துறைத் தலைவர் குனிந்து முக்காட்டுக்குள் காதை வைத்தார். தொட்டிகளின் ரீங்காரம் சட்டென்று அடங்கியது போல லேபிள்காரருக்குத் தோன்றியது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் துறைத் தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், பிறகு ஆட்டாமல் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். இரண்டு வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்தபோது பேயறைந்த மாதிரி இருந்தது அவர் முகம். உதடு ஒட்டிக்கொண்டது, மேற்பார்வையாளர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர் அம்மா.

துறைத் தலைவர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டு, "உச்சரிப்பு சுத்தம். விடுப்பு குடுத்துடுங்க," என்றார். "ரெண்டு மாசம். கேட்டா இன்னும் குடுங்க." பிறகு யாருக்காகவும் நிற்காமல் வெளியே நடந்தார். நடை ஒரு மாதிரி ஃபுராஃபுரா என்று இருந்தது. அதை முறையாகச் சொல்ல அவருக்கு மொழி தெரியாது, துறைத் தலைவர் பதவிக்கு அது தேவைப்படவில்லை.

லேபிள்காரர் மாலையில் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். மனைவி போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்போ எனக்கு விடுப்பு குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. ஆனா சட்டை அங்கயே நிக்கட்டும்னு மேற்பார்வையாளர் சொல்லிட்டாரு. தொட்டிக்கு ஆள் குறையக் கூடாதாம்."

அவள் கூரையைப் பார்த்தபடி அதை யோசித்தாள்.

"நானே போயிருந்தா குடுத்திருக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்க."

சரி என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சுமூச்சில்லை. லேபிள்காரர் எழுந்து விளக்கைப் போடப் போனவர், பாதியில் திரும்பி வந்து, போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இருந்தாள்.